மேச்சேரிச் சாலையில் ஓங்கிலின் நுரையீரல்

மேச்சேரிக்கு முந்தின ஊரின் எல்லையில் சாலைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் தொங்குகிறது. என் குதிரை வண்டியை நான்கைந்து பேர் மறிக்கிறார்கள். மடியில் இருக்கும் தகரப் பெட்டியிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டுகிறது.

"ஏனுங்க, பெட்டியில என்னங்க?" என்கிறார் மஞ்சள் காப்புக் கட்டிய பெரியவர்.

கோழிக்கோட்டுக் கரையில் ஒதுங்கிச் செத்த ஓங்கிலின், அதாவது டால்பினின், நுரையீரல் என்கிறேன். கரையில் அதை அறுத்த எங்கள் ஆய்வுக் குழுவுக்கு, அது எந்த நோயில் செத்தது என்று தெரிந்தாக வேண்டும். ஆட்டு நுரையீரலில் புழு தேடும் கால்நடை டாக்டர் மேச்சேரியில் முகாம் போட்டிருக்கிறார். பொழுது சாய்ந்தால் மைக்ராஸ்கோப்போடு கிளம்பிவிடுவார்.

"கடல் மீனுதானுங்களே? அப்பப் போங்க சாமி. மாரியாத்தா நோம்பி முடியற வரைக்கும் பொணந்தான் ஊருக்குள்ள வரக்கூடாது."

நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "மீன் இல்லைங்க. நம்மைப் போல மூச்சு விடும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும்" என்று பாடம் எடுக்கிறேன்.

பெரியவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்கிறார். "பால் குடுக்கற தாயின்னா அது பொணமுங்க. ஏரிக்கரை மேல சுத்திப் போங்க."

கெஞ்சுகிறேன், அதட்டுகிறேன். பிடி தளரவில்லை. வண்டிக்காரர் குதிரையைத் திருப்புகிறார். சூரியன் பனைகளுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆத்திரத்தில் ஒரு வார்த்தை வைதுவிடத் திரும்புகிறேன்.

பெரியவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தலை குனிந்து சாலையோரம் நிற்கிறார். மற்றவர்களும் நிற்கிறார்கள்.

கரையில் அதை அறுத்தபோது நாங்கள் யாரும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.