வாத்து சுட மலிவாக ஒரு துப்பாக்கி: செங்கிலிருந்து பெம்பான் வரை

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மலிவு விலையில் ஒரு துப்பாக்கி பார்த்து வரலாம் என்று கிளம்பினேன். அரை நாள் வேலை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது கணக்கு. வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இதே யோசனையோடு கிளம்ப நினைக்கிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள்.

மலாக்காவில் பெம்பான் ஊருக்கு உள்ளே எனக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி டுரியான் பழமரம். குரங்கும் காட்டுப்பன்றியும் எனக்கு முன்னாலேயே அறுவடையை முடித்துவிடும். அதற்காகத்தான் போலீசில் துப்பாக்கி லைசென்சுக்கு மனு போட்டிருந்தேன். இது வெளியே சொல்லிக்கொள்ளும் காரணம். உள்ளே இருந்த ஆசை வேறு. நிலத்துக்குப் பின்னால் ஒரு குட்டை உண்டு, மழைக்காலத்தில் அங்கே காட்டு வாத்து இறங்கும். வெள்ளைக்காரர்கள் வாத்தும், கூஸ் என்கிற பெரிய வாத்தும் சுடுகிற வீடியோக்களை நாற்பதுக்குக் குறையாமல் பார்த்திருக்கிறேன். "மீன் வெட்டத் தெரியாத மனுசன் வாத்து சுடப் போறாராம்" என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் குடியிருக்கும் செங் ஊரில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவன் பாலா. பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அவன்தான் ஆசையைக் கிளப்பிவிட்டான். "எங்க தோட்டத்துல மணியம் அண்ணன் தவறிட்டாருல்ல, அவரு துப்பாக்கி வீட்டுல சும்மாதான் கெடக்கு. அவரு சம்சாரம் லெட்சுமி அக்கா எண்ணூறு வெள்ளிக்குத் தர்றேங்குதுடா" என்றான். எண்ணூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், என் கைப்பேசி விலையை விடக் குறைவு. முதலில் டவுனில் ஒரு கடைக்குப் போய் விவரம் தெரிந்துகொள்வது, பிறகு தோட்டத்துக்குப் போய் அதைப் பார்ப்பது என்று திட்டம் போட்டோம்.

காலை எட்டே காலுக்குப் பாலாவின் காடியில் கிளம்பினோம். செங்கிலிருந்து தெங்கேரா பத்து கிலோமீட்டர்தான். ஆனால் சனிக்கிழமை என்றால் சிங்கப்பூர் காடிகள் எல்லாம் மலாக்காவில்தான் நிற்கும், முப்பத்தைந்து நிமிடம் ஆனது. தெங்கேராவில் பசியாறினோம். ஆளுக்கு இரண்டு தோசை, ஒரு தே தாரே தேநீர், மொத்தம் பதினான்கு வெள்ளி. சட்னி சுமார்தான்.

துப்பாக்கிக் கடைக்கு ஒன்பது நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் இரும்புக் கதவு, மணி அடித்தால்தான் திறப்பார்கள். கடைக்காரர் அறுபதைத் தாண்டிய சீன முதலாளி, எல்லாருக்கும் தவுக்கே. சின்ன வயதில் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவராம், மலாயும் தமிழும் கலந்து பேசினார். வாத்துக்கும் கூஸுக்கும் விலை குறைவாக ஒன்று வேண்டும் என்றேன்.

"பேப்பர் இருக்கா?"

மனு போட்டிருக்கிறேன், இன்னும் கையில் வரவில்லை என்றேன்.

"அப்ப கண்ணால பாரு, கையால தொடாத" என்றார். "கூஸ் இந்த நாட்டுல எங்க இருக்கு? எவனாவது வூட்டுல வளக்குறதத்தான் நீ சுடணும்."

பாலா விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு முகம் செத்துவிட்டது. நிலத்தைக் காக்கக் கொடுக்கும் லைசென்சை வைத்துக்கொண்டு வாத்தைச் சுட முடியாதாம். அதற்கு வனவிலங்குத் துறையில் தனியாகக் கேட்க வேண்டும், சில பறவைகளுக்கு அனுமதியே கிடையாது என்றார். நாற்பது வீடியோவில் ஒருவன் கூட இதைச் சொல்லவில்லை. அடுத்த அடி விலை. கடையில் இருந்ததிலேயே மலிவான பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு அன்று அவர் சொன்னது இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, மனுசன் பொறுமையாக விளக்கினார். பன்னிரண்டு போர் அளவுத் துப்பாக்கி என்றால் தோட்டா எங்கும் கிடைக்கும். ஒற்றைக்குழல் மலிவு, தூக்க லேசு, ஆனால் லேசாக இருப்பதாலேயே தோளை உதைக்கும். பறக்கிற பறவைக்கு இரட்டைக்குழல் நல்லது, முதல் குண்டு தவறினால் இரண்டாவது இருக்கும். பழையதை வாங்கினால் மூடிய நிலையில் ஆட்டிப் பார்க்க வேண்டும், கீல் ஆடினால் வேண்டாம். குழாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே துரு அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டையில் விரிசல் கூடாது. எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து காட்டினார்.

"இதெல்லாம் அப்புறம். யாரு குடுத்தாலும் மொதல்ல குழாய கீல்ல மடக்கி ஒடி. ஒடிச்சு உள்ள பாரு. ஒங்கப்பா குடுத்தாலும் ஒடிச்சுப் பாரு" என்றார்.

எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். எண்ணூறு வெள்ளி விஷயத்தை அவரிடம் மூச்சு விடவில்லை. அவர் எனக்கு முன்னால் போய் வாங்கிவிடுவாரோ என்று பயம், அவ்வளவு அற்ப புத்தி. அவர் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். பெம்பான் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அதைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் செம்பனைக்குள் செம்மண் சாலை, மழை பெய்திருந்தால் சின்னக் காடியில் போகாதீர்கள். பதினொன்றே முக்காலுக்குத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இறங்கினோம். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன.

லெட்சுமி அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். "வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?" என்று உள்ளே கூப்பிட்டார். கூடத்தில் மணியம் அண்ணன் படம், மாலை, விளக்கு. படத்துக்குக் கீழே சுவரில் சாய்த்து வைத்திருந்தது துப்பாக்கி. இரட்டைக்குழல். கட்டையில் திருநீற்றுப் பட்டை, இரண்டு குழாய் வாயிலும் சந்தனம், குங்குமம்.

கருமாதி அன்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைத்தார்களாம். கோழிக்கறி, பீர், சிகரெட், இந்தத் துப்பாக்கி. மற்றதை எடுத்துவிட்டார்கள், இது மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. எட்டு மாதம். "வெள்ளிக்கிழமையானா மடியில வச்சு ஈரத்துணியால தொடச்சு, புதுசா பொட்டு வச்சிருவேன்" என்று சொல்லிக்கொண்டே எடுத்து என் கையில் கொடுத்தார். தேத்தண்ணி போடுகிறேன் என்று பின்பக்கம் போனார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆட்டிப் பார்த்தேன், கீல் ஆடவில்லை. கட்டையைத் தடவினேன், விரிசல் இல்லை. தோளில் வைத்தேன். பின்கதவு திறந்திருந்தது, வெளியே அக்கா வளர்க்கிற நாலு வாத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வீடியோவில் செய்கிற மாதிரியே முதல் வாத்தைக் குறிபார்த்து, கூடவே நகர்ந்தேன். பாதுகாப்புப் பூட்டு வேலை செய்கிறதா என்று கட்டைவிரலால் முன்னால் தள்ளினேன், விடுபட்டது. ஆட்காட்டி விரல் விசையில் இருந்தது. வாத்து குழாயடிக்குப் போனது. குழாயடியில் அக்கா குனிந்து கேத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டேய், உள்ள துரு இருக்கான்னு பாருடா" என்றான் பாலா.

அவன் சொன்னதால்தான் ஒடித்தேன். இரண்டு குழாயிலும் பித்தளை வட்டம் பளபளவென்று இருந்தது. இரண்டும் தோட்டா.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதம், முப்பது வெள்ளிக்கிழமைக்கு மேல், அந்த அம்மா இதை மடியில் வைத்துக் குழாய் வாயைத் தன் பக்கம் திருப்பிப் பொட்டு வைத்திருக்கிறார். என் விரலுக்கும் அந்தக் குழாயடிக்கும் நடுவில் அன்று என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தோட்டாக்களை உருவி மேசையில் வைத்தேன். "வாடா போயிடலாம், நமக்கு எதுக்கு வம்பு" என்றான் பாலா. என் மனு போலீசில் இருக்கிறது, லைசென்ஸ் இல்லாமல் இதைத் தொட்டேன் என்று தெரிந்தால் அது குப்பைக்குத்தான் போகும். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கால் செருப்பை மாட்டிவிட்டேன். அப்போதுதான் அக்கா தேத்தண்ணியோடு வந்தார்.

"என்ன தம்பி, புடிக்கலையா? எழுநூறு குடுத்தாலும் போதும்."

செருப்பைக் கழற்றிவிட்டுத் தவுக்கேக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "லைசென்ஸ் செத்தவனுக்குத்தான், வூட்டுக்கு இல்ல" என்றார். "அவன் போன ஒடனே பாலாய்ல, போலீஸ் ஸ்டேசன்ல, குடுத்திருக்கணும். இப்ப அந்தம்மா ஜெயிலுக்குப் போற கேசு. நீ காடியில ஏத்தினா, நீயும் போவ. ஒடிச்சபடியே கீழ வச்சிட்டு வெளிய நில்லு. பாலாய்க்குப் போன் பண்ணி அவங்கள வரச் சொல்லு."

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே சொல்லிவிட்டேன். "ஜெயிலா?" என்றார். "படத்துக்கு முன்னாலதானே தம்பி வச்சிருந்தேன்? ஒளிச்சா வச்சேன்?" குட்டையில் போட்டுவிடலாம் என்றான் பாலா. அக்கா மேசையில் இருந்த இரண்டு தோட்டாக்களையும் பார்த்துக்கொண்டே நின்றார். அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டார். துப்பாக்கிக்குள்ளே இருந்தன என்றேன். கொஞ்சம் கழித்து, "கூப்புடுங்க, வரட்டும்" என்றார்.

ஒன்று இருபதுக்குப் போலீஸ் வந்தது. ஒரு சார்ஜன், கூட ஒரு கான்ஸ்டபிள். தோட்டாவை எடுத்தது யார் என்பதுதான் சார்ஜனின் முதல் கேள்வி. நான் என்றேன். என் ஐசி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார், ஒன்றும் திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. பிறகு அக்காவிடம் மலாயில் கேட்டார். "மச்சிக், உங்க வீட்டுக்காரர் எப்பவும் தோட்டா போட்டேதான் வீட்டுல வைப்பாரா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினார். மலாயில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். "வாசல்லயே ஒடிச்சு, தோட்டாவ எடுத்து சட்டைப்பையில போட்டுட்டுத்தான் படி ஏறுவாரு. இருபத்திரண்டு வருசம், ஒரு நாளும் மறந்ததில்ல. அன்னிக்கு சாயங்காலம் பன்னி வெரட்டிட்டு வந்தாரு. இத செவுத்துல சாத்துனாரு. தேத்தண்ணி போடுன்னாரு. கொண்டாந்து பாத்தா நாற்காலியில தூங்குறாப்புல இருந்தாரு. வலியே இல்லாம போயிட்டாரு, நல்ல சாவுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

பாலா அதை மலாயில் சொன்னான். சார்ஜன் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

துப்பாக்கி, தோட்டா, காலாவதியான லைசென்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் பாலாய்க்குக் கூட்டிப்போனார்கள். வாக்குமூலம் முடிய ஐந்தே கால். தாங்களாகவே கூப்பிட்டார்கள் என்று எழுதுகிறேன், முடிவு மேலிடத்தின் கையில் என்றார் சார்ஜன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெட்ரோல், பசியாறல், பாலாய்க்குப் பக்கத்தில் குடித்த தண்ணீர் எல்லாம் சேர்த்து ஐம்பது வெள்ளிக்குள் முடிந்தது. முதலில் போலீஸ் அனுமதி, அப்புறம் கடை, அதுவும் லைசென்ஸ் உள்ள கடை. தெரிந்தவர் வீட்டில் மலிவாகக் கிடக்கிறது என்று யார் சொன்னாலும் பார்க்கக்கூடப் போகாதீர்கள். உங்கள் வீட்டிலேயே தவறிப்போனவருடைய துப்பாக்கி இருந்தால் தொடாமல் இன்றைக்கே பாலாய்க்குச் சொல்லுங்கள். ஒடிச்சுப் பார்ப்பதைப் பற்றி நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. என் மனுவை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். டுரியானைக் குரங்கு தின்றுவிட்டுப் போகட்டும்.

போன வெள்ளிக்கிழமை லெட்சுமி அக்கா போன் செய்தார். கேஸ் போடவில்லையாம், எச்சரித்து அனுப்பிவிட்டார்களாம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நல்லதாகப் போச்சு அக்கா என்றேன். அவர் போனை வைக்கவில்லை.

"தம்பி, தோட்டாவ எடுக்கக்கூட முடியல அவரால. அப்ப வாசல் ஏறும்போதே ரொம்ப வலிச்சிருக்குமா?"

தெரியவில்லை அக்கா என்றேன்.

"தேத்தண்ணி போடுன்னு மட்டுந்தான் தம்பி சொன்னாரு" என்றார்.