பச்சை வட்டத்துக்குள் ஒளிந்தேன்

எனக்கு இரண்டு வருடமாகப் பெருங்குடலில் புண். தினமும் எத்தனை முறை கழிவறை போனேன், ரத்தம் வந்ததா என்று செல்போன் செயலியில் பதிந்தால், மருத்துவமனையில் பார்ப்பார்கள்.

என் போனில்தான் மகள் வீட்டுப்பாடம் பார்ப்பாள். அவள் கண்ணில் பட்டுவிடுமே என்று கூச்சம். ஒன்பது முறை போன நாளிலும் 'இரண்டு' என்றும், ரத்தம் 'இல்லை' என்றும் போட்டேன். எல்லாம் சரி என்று செயலி பச்சை வட்டம் காட்டியது.

இப்படிப் பொய்யாகப் பதியத் தொடங்கிய பத்தாம் நாள், மாடியில் துணி எடுக்கும்போது கண் இருட்டி விழுந்துவிட்டேன். பதறிய மகள் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நர்ஸ் கேட்டார்: "எல்லாம் பச்சையாத்தான இருக்கு. ரத்தம் போவுதா?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"போவுதும்மா. நான்தான் இல்லன்னு போட்டுட்டேன்" என்றேன்.

"உடனே கூட்டிகினு வாங்க."

முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும்போது மகள் என் கையை விடவேயில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதன் பிறகு கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாள்.

"பாத்ரூம் கழுவுறது நான்தானம்மா. ரத்தத்த பாத்துட்டுதான் இருந்தேன். நீ டாக்டருகிட்ட சொல்லியிருப்பன்னு நெனச்சேன்."

இப்போது போன் அவள் கையில் இருந்தால், கழிவறைக் கதவைத் திறந்ததுமே சொல்லிவிடுகிறேன்: "ஆறுன்னு போடும்மா. ரத்தம் கொஞ்சம்."