அடியில் தங்கிய சாயம்

தூண்டிலில் மாட்டும் பிளாஸ்டிக் புழுக்களை வீட்டிலேயே வார்க்கிறேன். அன்றுதான் எனக்கு முதல் ஆர்டர் வந்திருந்தது. மாலைக்குள் இருபது புழுக்களும் ஒரே பழுப்பு நிறத்தில் வேண்டும். சாயச் சொட்டுகளை எண்ணிக் கலந்தும் ஐந்து முறையும் ஐந்து நிறம் வந்தது. எரிச்சலோடு சாய பாட்டிலை எடுத்துக்கொண்டு சங்கராபுரம் சாயக்கடைக்குப் போனேன்.

"கலப்படத்த வித்துக்கினு இன்னா கடை நடத்துறீங்க?"

ஏற்கெனவே இரண்டு பாட்டில்களை மறுபேச்சின்றி மாற்றித் தந்தவள் கடைக்காரி நஸ்ரின். இதையும் வாங்கிக் கவிழ்த்தாள். அடியில் சாயம் சேறாக ஒட்டியிருந்தது.

"குலுக்காமயா ஊத்திக்கினு இருந்தீங்க, அக்கா?"

பெயிண்ட் வாங்க வந்தவர் சிரித்தார். "டானிக் பாட்டில்லயே குலுக்கச் சொல்லி போட்டிருக்குமேம்மா!"

நஸ்ரின் சிரிக்கவில்லை. நன்றாகக் குலுக்கித் தந்தாள். "சீக்கிரம் போங்க, டைம் ஆவுது."

இருபதும் ஒரே நிறத்தில் வந்தன. வேதியியல் படித்த நான் எழுதிவைத்த பதினொரு படிகளில் குலுக்குவது இல்லை. அதைச் சேர்த்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் போகவில்லை. இப்போது சாயம் வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறுகிறேன்.