சமீரின் தாய் அழைத்திருந்தாள்

ஒரு தாயின் கடைசி அழைப்பை அழித்தவன் நான். கை தவறி அல்ல... பொறாமையால்!

என் மனைவிக்குக்கூட இதைச் சொன்னதில்லை. நீங்கள் என்னைக் காறித் துப்பலாம். ஆனால் சமீரிடம் போய்ச் சொல்ல மாட்டீர்கள். அந்தக் கோழைத்தனமான நம்பிக்கையில்தான் உங்களிடம் சொல்கிறேன்.

2009 ஜனவரி. பிரெஞ்சுத் தலைநகரில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகம். நான் அங்கே கோப்பை கழுவுகிறவன். இறைச்சி வாட்டுகிற சமீர் காசாவில் பிறந்தவன். தலைமைச் சமையற்காரர் தாவீத் யூதர். அவருடைய தங்கை இஸ்ரேலின் தெற்கே, ராக்கெட் விழும் ஊரொன்றில் இருந்தாள். அடுப்படியில் கைபேசி கூடாது என்பது தாவீதின் சட்டம். எங்கள் மூவருடையதும் என் கழுவுதொட்டிக்கு மேலிருந்த தட்டில் கிடக்கும். அடித்தால் நான் குரல் கொடுக்க வேண்டும்.

தாவீதின் கைபேசி தினமும் அடித்தது. சமீருடையது எப்போதாவது அடித்தது. என்னுடையது அடிக்கவே இல்லை. என் தம்பி வன்னியில், யுத்தத்துக்கு நடுவே இருந்தான்...

வெங்காயம் அரிந்தபடியே அவர்கள் இருவரும் தர்க்கம் செய்வார்கள். இஸ்ரேல் உருவான நாற்பத்தெட்டாம் ஆண்டு தாவீதுக்கு விடுதலை, சமீருக்குப் பேரழிவு. தம் மக்கள் போக்கிடமின்றி வந்தார்கள் என்பார் அவர். அதற்கு என் பாட்டனின் வீடுதானா கிடைத்தது என்பான் இவன். எது நியாயம்? நான் அதை யோசிக்கவேயில்லை. என்னை எரித்தது வேறு. அந்த வழக்கை உலகமே அறிந்திருந்ததே! பரிமாறுகிற பெண்ணுக்குக்கூட அதில் ஓர் அபிப்பிராயம் இருந்தது. வன்னி எங்கே இருக்கிறது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

காசாவுக்காகத் தெரு நிறைய ஊர்வலம் போனது. பிரெஞ்சுக்காரர், அரபுக்காரர், மாணவர்கள்... வன்னிக்காக நாங்கள் கொடி பிடித்தபோதோ எங்களை நாங்களே பார்த்துக்கொண்டு நின்றோம்.

துக்கத்திலும் பொறாமையா என்கிறீர்களா? ஆம், துக்கத்தில்தான்! அடுத்தவன் வீடு வாங்கினால் எனக்கு ஒன்றும் செய்யாது. சமீரின் அழுகைக்கு ஆள் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த நாட்களில் அவனுக்கும் தாய்க்கும் மனஸ்தாபம். யூதனுக்குக் கீழேயா வேலை செய்கிறாய் என்று தாய் கேட்டிருக்கிறாள். அந்த மனிதர் நல்லவர் என்று இவன் கத்தியிருக்கிறான். அவள் பேச்சை முறித்துவிட்டாள். அதன்பின் குண்டுவீச்சு, இவன் அழைப்பு எடுத்தால் இணைப்புக் கிடைக்காது.

எங்கள் பொடியன்களோடு பழகி அவனுக்குக் கொஞ்சம் யாழ்ப்பாணத் தமிழ் வாய்த்திருந்தது. கைபேசியில் தாயின் பெயரை, அந்த அரபு எழுத்தை எனக்குக் காட்டினான்.

"இது வந்தா உடனை கூப்பிடுங்கோ, அண்ணை."

வந்தது. மதியச் சாப்பாட்டு நெருக்கடி. தட்டின்மேல் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. சமீர் எனக்கு முதுகு காட்டி நின்றான். வாயைத் திறந்தால் போதும்... திறக்கவில்லை! இவனுக்கு மட்டும் ஏன் வரவேண்டும்? ஒரு நாளாவது என்னைப்போல் இருந்து பார்க்கட்டுமே!

சத்தம் நின்றது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, திரையில் கிடந்த அவளுடைய பெயரை அழித்தேன். எண்ணிப் பாருங்கள்... கையைத் துடைத்துவிட்டுச் செய்திருக்கிறேன். அவ்வளவு நிதானம்!

"ஏதும் வந்ததோ, அண்ணை?"

"இல்லை."

மறுநாள் அவளுடைய வீட்டின்மேல் குண்டு விழுந்தது.

"செத்தவீட்டுக்கு ஆரும் அழைப்புப் பாத்துக்கொண்டிருக்கிறதே, அப்பா? போய் ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டு வாங்கோ" என்று என் மனைவி விரட்டினாள். சென் தெனி என்ற புறநகரிலிருந்த அவன் அறைக்குப் போனேன். அவன் தந்த கோப்பியைக் குடித்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா கோவத்தோடையே போயிட்டா, அண்ணை. ஒருக்காக்கூட எனக்கு எடுக்கேல்லை."

அப்போது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? இதற்கு நான் எத்தனையோ பதில்களைச் செய்து வைத்திருக்கிறேன். ஒன்றையும் என்னாலேயே நம்ப முடியவில்லை.

மே மாதம் வன்னி ஓய்ந்தது. தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. லா சப்பலில் இருந்த என் வீட்டுக்குச் சமீர் வந்தான். யாரும் சொல்லாமலே நிலத்தில் அமர்ந்தான்.

"உங்கடை தம்பி எடுக்கப் பாத்திருப்பான், அண்ணை. வழி இருந்திருக்காது. என்ரை அம்மாவைப்போல இல்லை."

அந்தக் கணத்திலாவது நான் மனிதனானேன் என்று எண்ணுகிறீர்களா? இல்லை! இவனுக்குத் தாயின் புதைகுழி எங்கே என்று தெரியுமே என்றுதான் என் மனம் பொருமியது.

ஆண்டுகள் போயின. இப்போது மீண்டும் அங்கே யுத்தம். எல்லை தாண்டி வந்தவர்கள் தாவீதின் தங்கையின் மகனைக் கொன்றுவிட்டார்கள். சமீரின் அக்கா காசாவில் ஏதோவொரு கூடாரத்தில் இருக்கிறாள். தாவீதும் சமீரும் இப்போது தர்க்கம் செய்வதில்லை. வெங்காயம் மட்டும் அரிகிறார்கள். அடுப்படியில் அதே சட்டம், தொட்டியடியில் அதே நான்.

இன்று காலை சமீர் தன் கைபேசியைத் தட்டில் வைக்கவில்லை. என் கையைப் பிடித்து, அதற்குள் வைத்தான்.

"அக்கா கோல் எடுப்பா. உங்களை விட்டா நான் ஆரை நம்பிறது, அண்ணை?"

குழாயை மூடிவிட்டேன், சத்தம் கேட்க வேண்டுமே! கோப்பைகள் குவிகின்றன. தாவீத் ஏசுகிறார். துடைத்த கையோடு அதைப் பார்த்தபடி நிற்கிறேன்.

இன்னும் அடிக்கவில்லை...