பதினான்காம் எண்ணின் கண்

ஜெயலெட்சுமி அக்காவின் கண்ணுக்கு எங்கள் பாகான் டாலாம் வட்டாரத்தில் தனி மரியாதை இருந்தது. கல்யாணப் புடவை எடுத்தவர்கள் எங்காவது இழை விட்டிருக்கிறதா என்று அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பழைய காடி, அதாவது கார், வாங்கப் போகிறவர்கள் அவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். எந்தக் கதவு அடிபட்டுச் சாயம் பூசியது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். பெருமை அவருக்குத் தலைக்கேறியிருந்தது. ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருத்தி.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில், மருந்து பாட்டில்களுக்கு வெள்ளை மூடி செய்யும் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. நான் பெட்டி கட்டுபவள். அவர் மூடிகளைப் பரிசோதிப்பவர். தட்டுக்கு இருநூறு மூடி. கரும்புள்ளி இருப்பதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தட்டின் சீட்டில் தன் எண் உள்ள முத்திரையைக் குத்த வேண்டும். அதை நாங்கள் சாப்பு என்போம். பதினான்கு என்றால் ஜெயலெட்சுமி. இருபத்திரண்டு வருடத்தில் பதினான்கு போட்ட ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

போன வருடம் வந்தது. ஒன்றல்ல, ஆறு பெட்டி. திறந்தால் மிளகைத் தூவியதுபோல் புள்ளிகள். சின்னப் பிள்ளைகூடப் பொறுக்கிவிடும்.

"இது நான் பார்த்த தட்டே இல்ல சார். யாரோ என் சாப்பை எடுத்து அடிச்சிருக்காங்க" என்றார் அக்கா, மேலாளரிடம்.

நடக்காத காரியமில்லை. அவசரத்தில் ஒப்பேற்றிய தட்டுக்கு அடுத்தவர் சாப்பை அடித்துவிடுகிற திருட்டுத்தனம் எங்கள் கூட்டத்தில் உண்டு. தேநீருக்குப் போகும்போது எல்லோரும் சாப்பை மேசையிலேயே வைத்துவிட்டுத்தான் போவோம். அக்காவின் பக்கத்து இருக்கையில் தனுஜா. இருபத்து நான்கு வயது, ஒப்பந்த வேலை. மறுமாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவை வாய்க்கு வாய் "எங்க அக்கா" என்பாள்.

திங்கட்கிழமை அக்கா சொன்னது, "தனுஜா எடுத்திருக்கலாம்லா." புதன்கிழமை, "நான் டீ குடிச்சிட்டு வரும்போது அவ கை என் மேசைப் பக்கம்தான் இருந்துச்சு." வெள்ளிக்கிழமை விசாரணையில், "என் கண்ணால பார்த்தேன் சார். சாப்பு அவ கையில. கட்டைவிரல்ல சிவப்பு மை."

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும், அது அந்த முகமில்லை. நாலு நாளில் அந்தக் காட்சி அவருக்குள் கை, விரல், மை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, நடந்ததாகவே ஆகிவிட்டிருந்தது. என்னையும் கேட்டார்கள். "அக்கா பார்த்தேன்னு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். "நான் தொடவே இல்லக்கா" என்று தனுஜா தரையில் உட்கார்ந்து அழுதாள். ஏமாற்று வேலை என்று எழுதிய கடிதத்தோடு அவளை வெளியே அனுப்பினார்கள். அதற்கப்புறம் மாக் மண்டினில் எந்தத் தொழிற்சாலையும் அவளைச் சேர்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, அக்கா அடிக்கடி நிலைப்படியில் இடித்துக்கொண்டார். கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று, ஃபெரியில் கடலைத் தாண்டி எதிரே தீவிலுள்ள மருத்துவமனைக்குப் புறப்பட்டார். துணைக்குப் போனேன். ஓர் இயந்திரத்தில் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். "ஒண்ணு விடாம அமுக்கிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் ஹரீஷ் தாளை விரித்தார். இரண்டு கண்ணிலும், நடுவுக்குச் சற்றுக் கீழே, கரி அப்பியதுபோல் கறுப்பு.

"கண் அழுத்த நோய்ம்மா. கறுப்பா இருக்கிற இடத்துல உங்களுக்குப் பார்வை இல்ல."

"எனக்கு எல்லாம் தெரியுதே டாக்டர்! எங்கயும் கறுப்பா இல்லையே?"

"கறுப்பாத் தெரியாது. பார்வை போன இடத்தை மூளை சும்மா விடாதும்மா, சுத்தி என்ன இருக்கோ அதையே போட்டு நிரப்பிடும். வெள்ளைச் சுவர்ல ஒரு புள்ளி இருந்தா, உங்களுக்கு வெறும் வெள்ளைச் சுவர்தான்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும்."

எனக்கு அந்த ஆறு பெட்டி வெள்ளை மூடி நினைவுக்கு வந்தது. அக்கா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

ஃபெரிக்குப் போகும் வழியில், சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"கம்பெனியில சொல்லிடலாம்க்கா. அந்தப் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்குவாங்க."

"கண்ணு போனது வேற, அவ சாப்பு எடுத்தது வேற. கண்ணை மூடினா இப்பவும் அந்தச் சிவப்பு மை தெரியுதுடி."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா உங்களுக்கு?"

"விழுந்துச்சு. சொன்னா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கே என்னையும் அனுப்புவாங்க. குருடி பார்த்த மூடின்னு இருபத்திரண்டு வருஷத்தையும் சேர்த்துச் சிரிப்பாங்க. நீயும் எழுதிக் குடுத்தவதான், மறந்துடாத."

எனக்குக் கோபம் பொங்கியது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

அப்போதுதான் மேசை துடைக்க வந்தவள் நின்றாள். தனுஜா. கன்னம் ஒட்டி, விரலெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெந்து போயிருந்தது. பரிசோதனைக்காகக் கண்ணில் விட்ட மருந்தில் பார்வை மங்கியிருந்ததால், அக்கா குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

"அக்கா… நல்லா இருக்கீங்களா?"

திட்டப் போகிறாள், திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்களைப் பார்க்க வரணும்னு இருந்தேன்க்கா, தைரியம் வரல. நான் எடுக்கலைன்னுதான் முதல்ல ஞாபகம். ஆனா நீங்க பார்த்தேன்னு சொன்னீங்களே, உங்க கண்ணு தப்பாப் பார்க்காதே. யோசிக்க யோசிக்க, விரல்ல மை இருந்தது எனக்கே தெரிய ஆரம்பிச்சிருச்சு. எடுத்துட்டேன் போலக்கா. என்னை மன்னிச்சிடுங்க."

அக்கா கையை நீட்டினார். முதலில் காற்றைத் துழாவியது, பிறகுதான் அவள் கை அகப்பட்டது.

"விடு தனுஜா. நான் உன்னை எப்பவோ மன்னிச்சிட்டேன்."

அந்தக் கையை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, என் பக்கம் திரும்பினாள். நானும் வாயைத் திறந்தேன்.

"ரெண்டு டீ கொண்டாம்மா" என்றேன்.