அம்மாவின் கண்ணில் தைலம்

என் அம்மா ராமுத்தாய்க்குக் கண்ணீர் சுரக்காது. சுரப்பிகளை உடம்பே அழித்துவிடும் நோய். மதுரையில் கண்டுபிடித்தார்கள். கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையை வைத்தார்கள். சாதாரணக் கண் அதை நனைத்துவிடும். அம்மாவுடையது காய்ந்தே வந்தது.

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலை. குலை வெட்டுவாள், அழுகல் பழத்தைக் கத்தரியால் கழிப்பாள், பெட்டியில் அடுக்குவாள். நடுவே ஒதுங்கி நின்று சொட்டு மருந்து விட்டுக்கொள்வாள். காலையில் வெந்நீரில் நனைத்த துணியை இமை மேல் வைப்பாள். ஜீப்பில் ஏறினால் காற்றுக்கு முதுகு காட்டி உட்காருவாள்.

நான் ஆலைகளில் அழுத்தமானிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர். அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: கண்ணீர் உராய்வைக் குறைக்கும் திரவம். அது இல்லாத கண்ணைத் தேய்க்கக் கூடாது.

போன தை மாதம் அப்பா மாரடைப்பில் இறந்தார்.

கேத வீட்டில் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். விலகும்போது முகத்தைப் பார்ப்பார்கள். அம்மாவின் கன்னம் காய்ந்திருந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"புருசன் அங்கன கிடக்கான். இவ கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல."

"பாசம் இருந்தாத்தான வரும்?"

அம்மா மடியிலிருந்து மருந்தை எடுத்தாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, அதைப் பிடுங்கினாள்.

"மருந்த ஊத்தி அழுகுற மாதிரி நடிக்கப் போறியா? பாத்தவுக காறித் துப்புவாக."

"மதினி, கண்ணு எரியுது. குடுங்க."

"எரியட்டும். எரிஞ்சாத்தான் வரும்."

நான் ஐஸ் பெட்டியின் மின் இணைப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். அத்தை தலைவலித் தைலத்தை விரலில் வழித்து அம்மாவின் இமைக்குள் பூசிக்கொண்டிருந்தாள். கம்பத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் தம்பி பெண்டாட்டி அழுதாக வேண்டும். குடும்ப மானம். அம்மா துடித்தாள். இரண்டு பெண்கள் அவள் கைகளைப் பிடித்திருந்தார்கள், பரிவோடு.

"விடுங்க!" என்று கத்தினேன்.

"நல்லதுக்குத்தான ஆத்தா செய்யிறோம்" என்றாள் ஒருத்தி.

குடத்து நீரை ஊற்றிக் கழுவினேன். அதற்குள் அம்மா வலி தாங்காமல் தேய்த்துவிட்டாள். அப்பாவைத் தூக்கும்போது அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அவர் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்காமலேயே அனுப்பினாள்.

வலது கருவிழியில் புண். சீழ் பிடித்தது. தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். புண் ஆறியது, வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு இனி வெளிச்சம் மட்டும்தான்.

கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு வீட்டில் படுத்திருந்தவளைப் பார்க்கச் சனம் வந்தது. அத்தைதான் எல்லோரிடமும் சொன்னாள்.

"எந்தம்பிய நெனச்சு அழுது அழுதே கண்ணக் கெடுத்துக்கிட்டா, பாவி மக."

வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அத்தை ஆரஞ்சு உரித்து ஒரு சுளையை அம்மாவின் வாயில் வைத்தாள். தைலம் பூசிய அதே விரல். நான் எழுந்தேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பேசாம இருடி. இப்பத்தான் என்னையப் பொண்டாட்டின்னு ஒத்துக்கிட்டாக."

நான் பேசினேன். மருந்தைப் பிடுங்கியது, கையைப் பிடித்தது, தைலம் பூசியது, எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அத்தை கும்பிட்டுவிட்டு எழுந்து போனாள். மற்றவர்கள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்கள்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. மருந்து விடும் நேரத்துக்கு மட்டும் முகத்தை அண்ணாந்து காட்டுகிறாள்.