வரப்பு மேல் நடந்த பூதம்

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒருவன் குவைத்தில் இருக்கிறான், ஒருவன் சிங்கப்பூரில். ஒருத்தி நர்சு, ஒருத்தி வாத்தியார். கடைசிப் பயல் என்னோடு இருந்து வயலைப் பார்க்கிறான். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. மகன் சிங்கப்பூருக்குப் போன பிறகு, அவனுக்குக் கடிதம் எழுதவேண்டுமே என்று, ஊரில் வைத்த சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து நாற்பது வயதில் மறுபடி எழுத்துக் கூட்டப் படித்தேன். அதனால் என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். விஷயம் கோணாது.

அந்தச் சிங்கப்பூர் மகனின் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். போன வாரம் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என்னடி என்று எட்டிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய படம். தலை முதல் கால் வரை தென்னை நாரும் சாக்கும் சுற்றிய ஒரு பூதம், வரப்பின் மேல் ஒரு பெண்பிள்ளையைத் துரத்திக்கொண்டு போகிறது.

"இது என் மாமா" என்றேன்.

பேத்தி சிரிப்பை நிறுத்தவில்லை. "சும்மா இருங்க அப்பாயி" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதி வைத்திருப்பார்களாம். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். பறக்கும் தட்டுக்குக் கட்டிய நூல் தெரிகிறது என்று ஒருவர். பூதத்தின் கண் வெறும் டார்ச் லைட் பல்பு என்று ஒருவர். இதற்கா அந்தக் காலத்தில் பயந்தார்கள் என்று ஒருவர். கடைசியில், மலேசியாவிலிருந்து யாரோ ஒரு பையன் கேட்டிருந்தான்: "இந்தப் பூதம் ஏன் இவ்வளவு மரியாதையா வரப்பு மேலயே நடக்குது? யாருக்காச்சும் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அதற்குத்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாமா என்றால் என் அம்மாவுக்குத் தம்பி. எங்களைப் போலவே மிராசுதார் ஐயா வீட்டுப் பண்ணையில் வேலை. ஊரிலேயே உயரமான ஆள் அவர்தான். குடிசைக்குள் நுழையும்போது பாதியாக மடங்கித்தான் நுழைவார். ஐயாவுக்குத் தெரிந்தவர்களுடைய சினிமாக் கம்பெனி ஒன்று மெட்ராசிலிருந்து வந்தது. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்காதே. ஒரு வேன், ஒரு கேமரா, ஏழெட்டுப் பேர். ராத்திரிக்குச் சத்திரத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். வானத்திலிருந்து வேறு உலகத்துப் பூதம் ஒன்று இறங்கிவந்து நம் பயிர் பச்சையை அழிப்பதுதான் கதை. அந்த வேறு உலகத்தை எங்கே போய்ப் பிடிப்பது? கோடியக்கரை உப்பளத்தைக் காட்டிவிட்டார்கள். வெள்ளை வெளேர் என்று தரை, ஒரு மரம் கிடையாது, ஆள் கிடையாது. அந்த மூளையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

சாமான் ஏற்றிக்கொண்டு பண்ணை வண்டியை ஓட்டிப்போனவர் மாமா. அங்கே பூத வேஷம் போட வந்த ஆள், சாக்குச் சட்டையின் புழுக்கத்திலும் உப்பு வெள்ளையின் கண்கூச்சத்திலும் இரண்டாம் நாளே மயங்கி விழுந்து, பஸ் ஏறி ஓடிவிட்டான். கம்பெனிக்காரர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். வண்டி நிழலில் மாமா படுத்திருந்தார், கால் இரண்டும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு. இவரைவிட நீளமான ஆள் எங்கே கிடைப்பான்?

இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். பத்து நாள் கழித்து மாமா கருத்துப்போய்த் திரும்பினார். "சினிமாவுல நடிச்சிருக்கேன் அக்கா" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். என்ன வேஷம் என்றதற்கு, "படம் வரட்டும், அதுவரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாங்க" என்று சிரித்தார். கடைசிப் பாகத்தை எங்கள் ஊரிலேயே எடுத்தார்களாம். அன்றைக்கு எங்களை எல்லாம் களை எடுக்க வேறு பக்கம் அனுப்பிவிட்டதால் அதையும் யாரும் பார்க்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? ஆடு மேய்க்கிற கூட்டாளிகளிடம் எல்லாம், என் மாமாதான் கதாநாயகன், கத்திச் சண்டை போட்டிருக்கிறார், பாட்டுக்கூட உண்டு என்று அவிழ்த்துவிட்டேன்.

அந்த வருஷம்தான் மாமாவுக்கு மாயவரம் பக்கத்தில் பெண் பார்த்திருந்தார்கள். அங்கே நடவுக்குப் போயிருந்தபோது மாமாவே பார்த்துவைத்த பெண். அதற்குப் பிறகு அவருக்கு வேறு நினைப்பில்லை. சோறு போட்டால்கூடப் போட்டது தெரியாமல் உட்கார்ந்திருப்பார். பெண்ணின் அப்பாவுக்கும் சம்மதந்தான். ஆனால் சினிமாச் சேதி காதில் விழுந்ததும் மனிதர் பின்வாங்கிவிட்டார். "கூத்தாடப் போறவன் கையில பொண்ண எப்படிக் கொடுக்கறது? இன்னிக்கு இருப்பான், நாளைக்கு மெட்ராசுன்னு கெளம்பிடுவான். படம் வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியனுப்பினார்.

மறு வருஷம் கீழ்வேளூர் டெண்டுக் கொட்டகைக்குப் படம் வந்தது. ஊரே முதல் ஆட்டத்துக்குப் போனோம். பெண்ணின் அப்பாவும் வந்துவிட்டார். தோளில் துண்டு, வாயைத் திறந்து பேசாத ஆள். மணல் தரையில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்புயரச் சுவர். நான் சின்னப்பிள்ளை என்பதால் ஆண்கள் பக்கம் மாமா மடியில் உட்கார்ந்தேன். மாமாவுக்கு அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா. மாமா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். குளிர் என்று நினைத்தேன்.

படம் ஓடியது. கதாநாயகன் வந்தான். மாமா இல்லை. அவன் தோழன் வந்தான். மாமா இல்லை. போலீஸ், வாத்தியார், பைத்தியக்காரன், யாருமே மாமா இல்லை. சுவருக்கு மேலே என் கூட்டாளிகளின் தலை ஒவ்வொன்றாக எழும்பியது. "எங்கடி உன் மாமா? பாட்டு எப்ப வரும்?" எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

அப்புறம் தட்டு இறங்கியது. பேத்தி படித்துக் காட்டினாளே, நூல் தெரிகிறது என்று, எங்களுக்கும் தெரிந்தது. "நூலு தெரியுதுடா" என்று ஒருத்தன் கத்தினான். "அத்தனை ஒசரத்துலேர்ந்து எறங்கறவன் கயிறு இல்லாமயா எறங்குவான்?" என்று ஒரு பெரியவர் அதட்டினார். அவன் வாயை மூடிக்கொண்டான். தட்டு திறந்து, பூதம் நிமிர்ந்து நின்று கண்ணைப் போட்டது பார், கொட்டகையே அலறிவிட்டது. பிள்ளைகளை முந்தானைக்குள் மூடினார்கள். முறுக்கு விற்கிறவன் தட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான். நான் மாமா கழுத்தைக் கட்டிக்கொண்டேன். மாமாவைக் கண்டு பயந்து மாமாவையே கட்டிக்கொண்ட பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பல்பும் சாக்கும் என்று இப்போது சொல்லிவிடலாம். அதை வைத்துக்கொண்டு ஐந்நூறு பேரை மூச்சுவிடாமல் உட்காரவைத்தார்களே, அது லேசா? காசு இல்லாதவன் செய்த வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. ரீல் மாற்ற விளக்குப் போட்டபோதுகூட ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

கடைசிப் பாகம் ஆரம்பித்தது. திரையில் ஒரு வாய்க்கால், ஒற்றைப் பனைமரம், மதகு.

"ஏய், இது நம்ம ஊருடா! ஐயா வீட்டு மேலவயல்டா!"

விசில் பறந்தது. நட்டு இருபது நாள் ஆன சம்பாப் பயிர், பச்சை பிடித்து நிற்கிறது. கதாநாயகி ஓடிவருகிறாள். வந்தவள் நேராக வயலில் இறங்கிப் பயிரைத் துவைத்துக்கொண்டு ஓடினாள். அதுவரை அவளுக்காக அழுதுகொண்டிருந்த பெண்கள் பக்கம் அப்படியே திரும்பிவிட்டது.

"அடியே, பயிர மிதிக்கறாளே! கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நட்டவளுக்குல்ல இடுப்பு வலி தெரியும்!"

பின்னால் பூதம் வந்தது. கதைப்படி அது பயிரை எல்லாம் மிதித்து நாசம் செய்யவேண்டும். வயலோரம் வந்து நின்றது. ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை வரப்பின் மேல் வைத்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கட்டைவிரலை அழுத்தி, ஒரு காலுக்கு முன்னால் ஒரு கால் வைத்து வரப்பிலேயே நடந்தது. அவள் குறுக்கே ஓடுகிறாள். பூதம் மூலை வரைக்கும் போய்த் திரும்பிச் சுற்றி வருகிறது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. நண்டு வளை வழியாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பூதம் குனிந்து ஒரு கை சேறு அள்ளி வளையில் வைத்து, குதிகாலால் திருகி அடைத்தது. சரியாக அடைத்ததா என்று ஒருமுறை பார்த்தது. அப்புறம் துரத்தப் போனது.

 சுவருக்கு அந்தப் பக்கம் என் அம்மா எழுந்து நின்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, அது என் தம்பிடீ! அந்தக் குதிகாலு அவன்தான்டீ!"

இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. "பூதத்துக்கு இருக்கற அறிவு அவளுக்கு இல்லயே!" என்று ஒருத்தி. "வேலைக்கு ஆள் வேணும்னா இந்தப் பூதத்தக் கூப்பிடுங்கப்பா!" என்று ஒருத்தன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மாமா மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

வயதான ஆண்கள் சிலர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் வரிசையில் இரண்டு மூன்று பேர் திரையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்ணின் அப்பா துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மணல் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். பாவம், இவர்களுக்கு வேடிக்கை புரியவில்லை என்றும் நினைத்தேன்.

படம் முடிந்து வெளியே வந்ததும் அம்மா கையைப் பிசைந்துகொண்டு அந்த மனிதர் முன்னால் நின்றாள். அவர் மாமாவைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"தை மாசம் வச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுதான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமா பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடிக்கவில்லை.

"படத்தக் கெடுத்துட்டீங்க மாமா. எல்லாரும் பயந்துகிட்டு இருந்தாங்க. நீங்கதான் சிரிக்க வச்சுட்டீங்க. மிதிக்கச் சொல்லலியா அவங்க?"

"சொன்னாங்க பாப்பா. மூணு தடவ சொன்னாங்க. ஐயாவும் மிதிக்கலாம்னு சொல்லிட்டாராம்."

"அப்பறம் என்ன?"

"காலு எறங்கல."

மாமா பெரிய முட்டாள் என்று முடிவு செய்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

தை மாதம் அந்தப் பெண் எனக்கு அத்தையாக வந்தாள். வெகுகாலம் கழித்து, எனக்கே மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகு, நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடவு நட்டுக்கொண்டிருந்தபோது அத்தைதான் சொன்னாள். மாமா எட்டு வயதில் வாத்துக்குஞ்சு ஒன்றைத் துரத்திக்கொண்டு ஐயா வீட்டு நாற்றங்காலில் விழுந்துவிட்டாராம். அழிந்தது இரண்டு முழம்கூட இருக்காது. அதற்கு அவருடைய அப்பாவைக் களத்துத் தென்னைமரத்தில் கட்டிவைத்து அடித்தார்களாம். சவுக்கடியும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுகிற சாணிப்பாலும் இருந்த காலம் அது. மாமாவை எதிரே நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னார்களாம். "எங்கப்பாவும் அப்படி ஒரு மரத்தப் பாத்தவருதான், எங்க ஊர்ல. பூதம் காலத் தூக்கினதுமே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் அத்தை. நாற்று முடியைப் பிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்த மேலவயலைச் சிங்கப்பூர் மகன் வாங்கினான். பத்திரம் முடிந்த அன்றைக்கு மாமாவை ஆட்டோவில் ஏற்றி அழைத்துப்போனோம். கம்பு ஊன்றி நடக்கிற வயது. "எறங்குங்க தாத்தா, இப்ப நம்ம வயல்" என்றான் மகன். பயிர் பச்சை பிடித்து நின்றது. மாமா செருப்பைக் கழற்றி வரப்பில் ஏறினார். கையை விரித்துக்கொண்டு மூலை வரைக்கும் போய், சுற்றித் திரும்பி வந்தார். யாரும் அவரை அதட்ட அங்கே இல்லை. நண்டு வளை ஒன்று இருந்தது. அதை அடைத்துவிட்டுத்தான் வந்தார்.

மலேசியாக்காரப் பையனுக்கு இதுதான் பதில். அவன் கேட்டது நல்ல கேள்வி. பத்து வயதில் நானும் அதைத்தான் கேட்டேன், பதிலையும் வாங்கினேன். இரண்டே சொல். அதற்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் அவர் கையைப் பிடிக்காமலே நடந்தேன். துண்டால் துடைத்த கண்ணில் மணல் இல்லை என்பதும் தெரியவில்லை.

போதும், கை வலிக்கிறது. வாடி இப்படி, செல்போனைக் கீழே வை. எழுத்து புரியாத இடத்தில் கேள், சொல்கிறேன். முதலிலிருந்து படி. கால் இறங்கவில்லை என்று மாமா சொல்கிற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி.